கல்லலுக்கு வராத கேள்வி

வாக்களித்த பிறகு அடுத்த தேர்தல் வரை ஆள்பவரைத் தட்டிக் கேட்பது யார்? சட்டமன்றம், நீதிமன்றம், தணிக்கைத் துறை எல்லாம் இருக்கின்றன. ஆனால் மறைத்து வைத்ததை வெளியே கொண்டுவந்து இவற்றின் முன் போடுவது பெரும்பாலும் அரசிடம் சம்பளம் வாங்காத பத்திரிகைதான். இந்தக் காவல் எவ்வளவு வலிமையானது, எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டின் அனுபவமே காட்டுகிறது.

1987இல் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கேலி செய்த அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது பேரவை. எதிர்ப்பு வலுத்ததால் சில நாள்களில் விடுதலையானார். அவர் அத்தோடு விடாமல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1994இல் 1,000 ரூபாய் இழப்பீடு பெற்றார். தொகை சிறிது, ஆனால் பேரவையின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்று அது உணர்த்தியது.

அதே ஆண்டில் நக்கீரன் இதழ் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. செய்தி வெளிவரும் முன்பே அதைத் தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமை இல்லை என்றது. 2003இல் 'தி இந்து' ஆசிரியர் உள்ளிட்டோருக்கும் 'முரசொலி' ஆசிரியருக்கும் பேரவை 15 நாள் சிறை விதித்தபோது, சில நாள்களிலேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டது. வழக்காடும் வசதியும் வாசகர் பலமும் இருந்ததால்தான் இவர்களால் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

ஆனால் இந்தக் காவலில் குறைகளும் உண்டு. நம் தொலைக்காட்சிகள் பலவற்றின் பின்னால் ஒரு கட்சியோ அதன் தலைவர் குடும்பமோ இருக்கிறது. எதிர்க்கட்சியின் ஊழலைத் துருவும் அலைவரிசை, தன் கட்சி ஆட்சிக்கு வந்ததும் வாய் மூடிக்கொள்கிறது. பணம் வாங்கிக்கொண்டு செய்தி போடும் வழக்கம் நாடு முழுக்கப் பரவியதை இந்தியப் பத்திரிகை மன்றம் 2010இல் ஆராய்ந்தது. மறு ஆண்டே, அத்தகைய செய்திக்கான செலவை மறைத்ததற்காக உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவரைத் தேர்தல் ஆணையம் தகுதி நீக்கம் செய்தது.

அவசரத் தீர்ப்பு இன்னொரு நோய். 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு விவகாரத்தை மக்கள் முன் வைத்தது ஊடகத்தின் சாதனை, 2010இல் ஆ. ராசா மத்திய அமைச்சர் பதவியை விட்டார். ஆனால் விசாரணை தொடங்கும் முன்பே பல விவாத மேடைகள் அவரைக் குற்றவாளி என முத்திரை குத்திவிட்டன. 2017இல் சிறப்பு நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. அந்தத் தீர்ப்பின் மீதான மேல்முறையீடு வேறு விஷயம். கேள்வி கேட்பது ஊடகத்தின் வேலை, தண்டிப்பது அன்று.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது ஊடகத்துக்கும் சிற்றூருக்கும் உள்ள தூரம். சிவகங்கை மாவட்டத்தின் கல்லல் போன்ற ஒன்றியங்களில் கண்மாய் தூர்வாரியதற்கும் சாலை போட்டதற்கும் எவ்வளவு செலவானது என்று எந்தத் தொலைக்காட்சி விவாதிக்கிறது? சிற்றூர்ச் செய்தியாளர் பலருக்கு நிலையான சம்பளம் கிடையாது. செய்தி அனுப்புகிறவரே விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். தீபாவளி வாழ்த்து விளம்பரம் கொடுத்த ஒப்பந்ததாரரின் டெண்டரைப் பற்றி அவர் எப்படி எழுதுவார்? இந்தக் கண்காணிப்பு மிகவும் தேவைப்பட்ட காலமும் உண்டு. 2016இல் பதவிக்காலம் முடிந்த ஊரக உள்ளாட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். 2025 ஜனவரியில் அவற்றின் பதவிக்காலம் முடிந்தபோது மறுபடியும் அதே நிலை. தேர்தல் தள்ளிப்போனது செய்தியானது. அந்தக் காலத்தில் ஊர் ஊராக என்ன செலவானது என்பது செய்தியாகவில்லை.

ஆகவே தனியார் ஊடகம் தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. உரிமையாளர் யார், அரசு விளம்பரம் எவ்வளவு வந்தது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஒன்றியச் செய்தியாளருக்குச் சம்பளம் கொடுத்து, விளம்பர வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும். நாமும் செய்திக்குக் காசு கொடுத்துப் படிக்கப் பழக வேண்டும். கிராமசபையில் வைக்கும் வரவு செலவுக் கணக்கைச் செய்தியாளரும் ஊராரும் சேர்ந்து படித்தால், கோட்டையில் கேட்கும் கேள்வியை ஊராட்சி அலுவலகத்திலும் கேட்கலாம். வாக்குக் கேட்டு வருகிறவர் முதலில் வந்து நிற்பது ஊரில்தான். அவர் பதில் சொல்ல வேண்டியதும் அங்கேதான்.