யேட்ஸும் ஒரு கற்குவியலும்

யேட்ஸின் ஆரம்பக் கவிதைகளில் வரும் நாக்நரே என்ற பெயரை நம்மில் பலர் ஒரு மந்திரச் சொல்லாகவே வாசித்துவிட்டு நகர்ந்திருக்கிறோம். அது ஒரு குன்று. அயர்லாந்தின் மேற்கே, ஸ்லைகோ நகரத்தை அடுத்து, கடலோரமாக நிற்கும் சுண்ணாம்புக்கல் குன்று. உயரம் 327 மீட்டர்; நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம். கீழிருந்து பார்க்க உச்சியில் ஒரு கொப்புளம்போல் தெரிவது, கிட்டே போனால் சுமார் 55 மீட்டர் அகலமும் 10 மீட்டர் உயரமும் கொண்ட கற்குவியல். புதிய கற்காலத்து மக்கள் ஐயாயிரம் வருஷங்களுக்கு முன் குவித்தது. உள்ளே நடைவழி வைத்த கல்லறை இருக்க வேண்டும் என்பது ஊகம். தோண்டிப் பார்த்ததில்லை.

ஊர்க் கதை வேறு. ராணி மேவ் அல்ஸ்டர் எதிரிகளைப் பார்த்தபடி, நின்ற நிலையில் அதற்குள் புதைந்திருக்கிறாளாம். கதையின் மேவ் இரும்புக் கால உலகத்தவள். குவியல் அவளைவிட சுமார் மூவாயிரம் வருஷம் மூத்தது. பெயர் தெரியாதவர்களின் சமாதியில் ஒரு பெயர் குடியேறிவிட்டது. (யேட்ஸுக்கே இது நேர்ந்திருக்கலாம். 1939ல் பிரான்ஸில் இறந்தவரின் எலும்புகள் என்று 1948ல் டிரம்க்ளிஃபுக்கு வந்தவை அவருடையவைதானா என்ற சந்தேகம், 2015ல் வெளியான பிரெஞ்சு ஆவணங்களுக்குப் பிறகு பலமாகிவிட்டது.)

யேட்ஸ் இந்தக் குடியேற்றத்தைக் கேள்வி கேட்கவில்லை. 1889ல் வந்த 'ஆஷீனின் அலைச்சல்கள்' தொடக்கத்திலேயே மேவின் மேடு வருகிறது. 1899ன் 'நாணல்களிடையே காற்று' தொகுதியின் முதல் கவிதையில் ஷீ என்னும் தேவகணம் அங்கிருந்து குதிரையேறிப் புறப்படுகிறது. சப்தம் பிரமாதம். ஆனால் யாரும் மூச்சிரைக்க அந்தக் குன்றில் ஏறுவதில்லை. காலடியில் ஒரு கல் புரள்வதில்லை. குன்று தூரத்தில் இருக்கும்வரைதான் இந்தக் கவிதைகள் செல்லும். அடிமைப்பட்ட ஒரு தேசத்துக்குப் புராதனம் தேவைப்பட்டது, அவர் கொடுத்தார். அதைக் குறையென்று தள்ள நான் தயாரில்லை. அதன் விலையை அவரே பிறகு விசாரித்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

விசாரணை 1938ல் எழுதிய 'மனிதனும் எதிரொலியும்' கவிதையில். குன்றின் சரிவில் ஆல்ட் என்றொரு பாறைப் பிளவு. கிழவர் அங்கே போய் நிற்கிறார். மேவ் இல்லை, ஷீ இல்லை. தன் நாடகம் சிலரை ஆங்கிலேயரின் துப்பாக்கிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதோ என்று கேட்கிறார். பாறை அவர் வார்த்தைகளையே திருப்பித் தருகிறது. யோசனை முடியுமுன் எங்கோ அடிபட்ட ஒரு முயலின் அலறல். அத்தோடு கவனம் சிதறிவிடுகிறது. தேவகணம் புறப்பட்ட அதே குன்று, ஐம்பது வருஷத்தில் இங்கே வந்து நிற்கிறது.

நம்மவர்கள் யேட்ஸிடம் வாங்கிக்கொண்டது பெரும்பாலும் முதல் காலத்து மூடுபனியை. நடுகல், முதுமக்கள் தாழி என்று இன்று எழுதப்படும் கவிதைகளில் கல்லின் கனம் தெரிவதில்லை. அதற்குள் ஒரு மூதாதையை நிறுத்தி வைக்கும் அவசரம்தான் தெரிகிறது. யேட்ஸை மொழிபெயர்க்க உட்காருகிறவர்கள் இன்னொரு முறை இன்னிஸ்ஃப்ரீ தீவுக்குப் போகாமல் இந்தக் கவிதையை எடுத்துக்கொள்ளலாம்.