வேலூர்ச் சாலையும் மருத்துவமனை அறையும்

மந்தைவெளியில் நம் பங்குக் குடும்பம் ஒன்றின் வீட்டில், ‘சென்னையில் ஒரு நாள்’ (2013) திரைப்படத்தைத் தொலைக்காட்சியில் காண நேர்ந்தது. மூளைச்சாவுற்ற இளைஞனின் இதயத்தைச் சென்னையிலிருந்து வேலூருக்குச் சாலைவழியே கொண்டுசேர்க்கும் கதை. படம் முடிந்ததும் அவ்வீட்டு மூதாட்டி கேட்டார்: “சாமி, நெஞ்சு துடிக்கும்போதே எடுக்கிறாங்களே, அது கொலையில்லையா?”

படம் இக்கேள்வியின் பக்கமே செல்லவில்லை. கையூட்டுக் களங்கத்தைத் துடைக்க வண்டியோட்டும் காவலராகச் சேரன் நெகிழ வைக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் சாலைக்கு அளித்த நேரத்தில் பாதியையேனும் பெற்றோர் நின்ற அறைக்கு அளித்திருக்கலாம். இதயம் வேண்டுபவர் புகழ்பெற்ற நடிகரின் மகள். கடிகாரமோ ஓடுகிறது. இந்நெருக்கடியில் பெறப்படும் சம்மதம் கொடையா, பணிந்துபோதலா?

2008 செப்டம்பரில் நம் நகரில் நடந்தது வேறு. 15 வயது ஹிதேந்திரனின் பெற்றோர், இருவரும் மருத்துவர்கள், தாமே முன்வந்து மகனின் உறுப்புகளை அளித்தனர். 11 நிமிடங்களில் முகப்பேர் சேர்ந்த அவ்விதயம் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது.

மூதாட்டியின் ஐயத்திற்கு வருவோம். மூளைத்தண்டு இறந்தவருக்கு மூச்சளிப்பது கருவியே. உறுப்புகளை எடுக்கும்வரை அதை நிறுத்துவதில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவர் நால்வர், ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். உறுப்பு மாற்றுபவர் அக்குழுவில் இருத்தலாகாது. மூளைச் செயற்பாடு முழுமையாக, மீளாவகையில் நின்றதைக் கண்டிப்புடன் உறுதிசெய்யும் இவ்வளவுகோலைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000இல் ஏற்றார்.

மூளை இறவாத, ஆனால் மீளவியலாத நோயாளியிடம் கருவியை விலக்கி, இதயம் தானே நின்றபின் உறுப்பெடுப்பது வேறொன்று. பயனற்ற சுமையான சிகிச்சையை விலக்கலாம் என்கிறது திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2278). பிறர் உயிரைக் காக்கவும் ஒருவரின் சாவை நேரடியாக விளைவிக்கலாகாது என்கிறது எண் 2296. எனவே விலக்கும் முடிவு முதலில், தனியே எடுக்கப்பட வேண்டும். கொடைப் பேச்சு அதன் பின்னரே. உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்து 2023இல் எளிதாக்கிய நெறிப்படி, விலக்கவே இரு மருத்துவக் குழுக்களின் ஒப்புதல் தேவை. ஆகவே இவ்வழிக் கொடை நம் நாட்டில் அரிது.

இவற்றை விளக்க அரைமணி நேரமாயிற்று. “அந்த ஆறு மணி நேரமும் பிள்ளை பக்கத்துல உட்கார விடுவாங்களா சாமி?” என்றார் மூதாட்டி. கேளுங்கள், நானும் உடன் வந்து கேட்கிறேன் என்றேன்.