ஒருமையும் பன்மையும்: 'மான்சூன் வெட்டிங்' படத்தில் மணமக்களின் மொழி

மீரா நாயர் இயக்கி 2001-இல் வெளிவந்த 'மான்சூன் வெட்டிங்' அவ்வாண்டின் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருதைப் பெற்றது. சப்ரீனா தவான் எழுதிய இப்படத்தின் கதை எளியது. தில்லிப் பஞ்சாபிக் குடும்பம் ஒன்றின் மகள் அதிதி. அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட மணமகன் ஹேமந்த், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பணிபுரியும் பொறியாளன். பெற்றோர் பேசி முடித்த இத்திருமணத்திற்கு உறவினர்கள் பல இடங்களிலிருந்தும் வந்து கூடுகின்றனர். மணமான ஒருவனோடு தனக்கிருந்த தொடர்பை அதிதி திருமணத்திற்கு முன்பே ஹேமந்திடம் கூறிவிடுகிறாள். அவன் முதலில் சினங்கொண்டு, பின்னர் அவளை ஏற்கிறான். புலம்பெயர்ந்த இந்தியரின் அடையாளம் பற்றிய படமாகவே இதனைப் பலரும் காண்பர். இப்படத்தைத் தமிழாக்க முனைபவர் எங்கே இடறுவார் என்பதே இக்கட்டுரையின் அக்கறை. அவ்விடங்களில்தான் படத்தின் உண்மையான பொருளும் ஒளிந்திருக்கிறது என்பது என் கருத்து.

படத்தில் ஆங்கிலம், இந்தி, பஞ்சாபி ஆகிய மூன்று மொழிகளும் ஒரே பேச்சில் கலந்து வருகின்றன. 1995-இல் வெளிவந்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' படத்தில் இலண்டனில் வளர்ந்த இளைஞர்கள் தமக்குள் சரளமான இந்தியில் பேசிக்கொள்வர். வெளிநாடு சென்றாலும் மொழி மாறாது என்னும் ஆறுதலை அப்படம் பார்வையாளருக்கு அளித்தது. மீரா நாயர் அத்தகைய ஆறுதல் எதனையும் தரவில்லை. இங்கே ஆங்கிலம் ஹூஸ்டனிலிருந்து வந்திறங்கிய மொழியன்று; தில்லி வீட்டின் கூடத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் மொழி. எனவே வெளிநாட்டார், உள்நாட்டார் என்னும் பிரிவை ஆங்கிலம் காட்டுவதில்லை. அது காட்டும் பிரிவு வேறு. பந்தல் போட வந்த துபே தன்னை நிகழ்ச்சி மேலாளராகவே கருதுபவன். 'எக்ஸாக்ட்லி', 'அப்ராக்ஸிமேட்லி' என்னும் இரு சொற்களையும் ஒருசேர அடுக்கி அவன் நேரக் கணக்குச் சொல்லும்போது அரங்கில் சிரிப்பெழுகிறது. 'துல்லியமாகவும் தோராயமாகவும்' என்று தமிழாக்கினால் முரண் மட்டுமே எஞ்சும்; ஆங்கிலத்தை எட்டிப் பிடிக்கும் அவனது ஆசை மறைந்துவிடும். இவ்விடத்தில் ஆங்கிலச் சொற்களை அப்படியே விட்டுவிடுவதே தக்கது. தமிழ்நாட்டுப் பந்தல்காரரும் அவற்றை ஆங்கிலத்திலேயே சொல்லக்கூடும்.

தில்லிவாழ் மக்களின் இந்தி–பஞ்சாபி மொழித்தாவல் பற்றி ஜான் கம்பர்ஸ் 1964-இலேயே எழுதியுள்ளார். அன்றாடப் பேச்சில் இவ்விரு மொழிகளின் இலக்கண அமைப்புகள் மிக நெருங்கிவிட்டன என்பதும், சில உருபன்களே இவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன என்பதும் அவர் கண்ட உண்மைகள். வர்மா குடும்பத்தின் பேச்சும் இத்தகையதே. சப்டைட்டில் எனப்படும் ஆங்கில அடிவரிகளில் இரண்டும் ஒரே ஆங்கிலமாகிவிடுகின்றன. பஞ்சாபிக்குத் தமிழ் வட்டார வழக்கு ஒன்றனை ஈடாக்கலாமே எனச் சிலர் கருதலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தில்லிப் பஞ்சாபியர் கோயம்புத்தூர்த் தமிழ் பேசினால் கேட்பவர் மனத்தில் கோயம்புத்தூரே வந்து நிற்கும்.

உறவுச் சொற்களில் சிக்கல் இன்னும் கடுமையானது. அதிதியின் தந்தை லலித்தின் மைத்துனர் தேஜ் செல்வமும் செல்வாக்கும் உடையவர். தந்தையை இழந்து அவ்வீட்டில் வளர்ந்த ரியாவிடம் அவள் சிறுமியாயிருந்தபோது அவர் தகாத முறையில் நடந்திருக்கிறார். இன்னொரு சிறுமியிடம் அவர் நெருங்குவதைக் கண்டதும் ரியா அதனை வெளிப்படுத்துகிறாள். நகர்ப்புற ஆங்கில வழக்கில் 'அங்கிள்' என்னும் ஒரு சொல்லே சித்தப்பா முதல் அண்டைவீட்டார் வரை அனைவரையும் குறிக்கும். தேஜும் அதற்குள் அடங்கிவிடுவார். தமிழில் மைத்துனர் முறையினர் பிள்ளைகளுக்கு 'மாமா' ஆவார். தாயின் சகோதரரை மாமா என்றும், தந்தையின் சகோதரி கணவரைப் பூபா என்றும் இந்தி பிரித்துரைக்க, தமிழ் இருவரையும் பெரும்பாலும் ஒரே சொல்லால் அழைக்கிறது. மாமன் மகள், அத்தை மகன் மணமுறையோடு இவ்வழக்கு இயைந்திருப்பதைத் திராவிட உறவுமுறை பற்றித் தாமஸ் டிரவுட்மன் 1981-இல் வெளியிட்ட நூல் விரிவாக விளக்குகிறது. நம் 'மாமா' கேலிக்கும் உரிமைக்கும் இடந்தரும் சொல். சில சமூகங்களில் தாய்மாமனே மணமகனுமாகலாம். வடஇந்திய மரபில் அவ்வாறு எண்ணவும் இடமில்லை. ரியாவின் குற்றச்சாட்டில் 'மாமா' என்று எழுதினால் படத்தில் இல்லாத ஒரு முறைமை உள்ளே நுழைந்து குற்றத்தின் கூர்மையை மழுக்கிவிடும். எனவே 'அங்கிள்' என்பதையே வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்ச்சொல் இருக்க ஆங்கிலச் சொல்லை ஆள்வது குறை எனக் கருதும் பதிப்பாசிரியரிடம் இதற்காக வாதாடவும் வேண்டும்.

அதிதியும் ஹேமந்தும் தமக்குள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்கின்றனர். ஆங்கில முன்னிலைப் பெயர் ஒன்றே ஒன்று. அவள் அவனை விளிப்பதும் அவன் அவளை விளிப்பதும் அதனாலேயே. அறிமுகமற்ற இருவர் சமநிலையில் நின்று ஒருவரையொருவர் சோதித்துக்கொள்ள அம்மொழி இடமளிக்கிறது. இந்தியில் தூ, தும், ஆப் என்னும் மூன்று படிகளுள் ஒன்றைத் தேர வேண்டும். தமிழில் நீ, நீங்கள் என்னும் இரண்டு. 'நீர்' இன்று சில வட்டாரங்களுக்கே உரியது. பெயரை மறைத்தாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும்.

மொழிபெயர்ப்பு மாணவர்களிடம் அதிதி உண்மையைக் கூறும் காட்சியைத் தமிழாக்கத் தந்தேன். ஏறத்தாழ அனைவருமே அவனுக்கு 'நீ' என்றும் அவளுக்கு 'நீங்க' என்றும் எழுதி வந்தனர். எவரும் அவ்வாறு எழுதச் சொல்லவில்லை. கணவன் ஒருமையிலும் மனைவி பன்மையிலும் பேசும் மரபு, திருமணம் நடக்குமுன்பே அவர்களின் பேனாவில் வந்தமர்ந்துவிட்டது. அதன் விளைவு சிறிதன்று. அவள் உண்மையைக் கூறுவது பாவமன்னிப்புக் கேட்பதாகவும், அவன் ஏற்பது பெருந்தன்மையாகவும் மாறிவிட்டன.

இருவருக்கும் 'நீங்க' என்பது ஒரு வழி. முதற் சந்திப்புகளுக்கு அது பொருந்தும். சினம் மூளும் இடத்தில் பொருந்தாது. தமிழிலேயே வேறொரு வழியும் உண்டு. 'சொல்லியிருக்கலாம்', 'தெரிய வேண்டும்', 'முடியாது', 'கூடாது' ஆகிய வடிவங்களில் இட, பால் விகுதிகள் இல்லை. புதுமணத் தம்பதியர் பலர் ஒருவரையொருவர் எப்படி அழைப்பது என்று தெரியாத நாட்களில் இவ்வடிவங்களில்தான் புகலடைகின்றனர். 'காபி சாப்பிடலாமா' என்பதில் யாரும் யாருக்கும் மேலுமில்லை, கீழுமில்லை. ஒரு மாணவி தன் இரண்டாம் வரைவில் அக்காட்சி முழுவதையும் இவ்வாறே எழுதினாள். சினத்தின் உச்சத்தில் ஹேமந்தின் வாயில் முதல் 'நீ' வந்தது. இணக்கம் ஏற்படும் இடத்தில் அதே 'நீ'யை அதிதியும் திருப்பிச் சொன்னாள். ஆங்கில மூலத்தில் இல்லாத ஒரு நாடகம் அது. எனினும் மூலத்துக்கு முரணானதன்று. நான் கண்ட வரைவுகளுள் அதுவே சிறந்தது.

வகுப்பில் அவ்வரைவைப் படித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்டார்: "தனியா இருக்கும்போது சரிங்க ஐயா, கல்யாணப் பந்தல்ல பெரியவங்க முன்னால அவ என்னன்னு கூப்பிடுவா?" அவள் சற்று எண்ணிப் பார்த்து, அக்காட்சிகளில் இருவரும் நேரே விளித்துப் பேசும் வசனங்களை மீண்டும் பார்க்க வேண்டும் என்று கூறித் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.