ஸியர்ஸ் கோபுரத்தின் எடை

சமுதாயத்தின் சாதனையாளர்களைப் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் தலைகாட்டும்: ‘உலகின் மிக உயர்ந்த கட்டிடத்தை எழுப்பியவர் ஒரு முஸ்லிம்.’ கட்டிடம் சிகாகோ நகரின் ஸியர்ஸ் கோபுரம். மனிதர், 1929-ல் டாக்காவில் பிறந்த மர்ஹூம் பஸ்லுர் ரஹ்மான் கான். 1973-ல் எழுதப்பட்டபோது அந்த வாக்கியம் உண்மை. ஆனால் 1998-ல் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் அதனைக் கடந்தன. 2009-ல் பெயரும் போயிற்று. இன்று அது வில்லிஸ் கோபுரம். 2010-ல் துபாயில் 828 மீட்டர் உயரத்துக்கு புர்ஜ் கலீஃபா எழுந்த பிறகு, 442 மீட்டர் என்ற கணக்கைச் சொல்லிப் பெருமைப்படுவோர் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதில் நமக்கு வருத்தம் ஏதுமில்லை. உயரத்தைக் கொண்டு அன்னாரை அளந்ததே பிழை என்பதுதான் நம் கட்சி. கானின் கட்டிடங்களை அளக்கத் தக்க கோல் எடை. ஒரு சதுர அடித் தளத்தைத் தாங்க எத்தனை பவுண்டு எஃகு செலவாயிற்று என்னும் கணக்கு.

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டிடம் 1931-ல் 102 மாடிகளோடு எழுந்தது. அதற்குச் சதுர அடிக்கு ஏறத்தாழ 42 பவுண்டு எஃகு தேவைப்பட்டது. ஸியர்ஸ் கோபுரம் 110 மாடி. செலவான எஃகோ 33 பவுண்டு. அதற்கு முன்னரே, 1969-ல், அதே சிகாகோவில் கான் கணக்கிட்டுக் கொடுத்த 100 மாடி ஜான் ஹான்காக் கட்டிடத்திற்கு 30 பவுண்டு கூட ஆகவில்லை. உயரம் கூடியிருக்கிறது; சுமை குறைந்திருக்கிறது. இந்த விந்தை எப்படி நிகழ்ந்தது?

வானளாவும் கட்டிடத்திற்குத் தன் பாரத்தினும் பெரிய பகை காற்று. பாரம் மாடிக்கு மாடி ஒரே சீராகக் கூடும். காற்றின் தள்ளுதலோ உயரம் ஏற ஏறப் பன்மடங்காகப் பெருகும். பழைய முறையில் உள்ளும் புறமும் தூண்களை நட்டுத் தூலங்களால் பிணைப்பர். குறைந்த உயரத்துக்கு அது போதும். நாற்பது, ஐம்பது மாடிகளைத் தாண்டினால் காற்றுக்காக மட்டுமே எஃகைக் கொட்ட நேரும். அது உயரத்துக்குக் கட்டும் தண்டம். அந்தத் தண்டத்தைக் குறைக்க வழி கண்டவர் கான். தூண்களை வெளிச்சுவரில் நெருக்கமாக நிறுத்தினால் கட்டிடம் முழுவதும் ஒரே குழாயாக நின்று காற்றை எதிர்க்கும். மூங்கில் உள்ளே வெறுமையாயிருந்தும் புயலில் நிற்பது தன் ஓட்டின் பலத்தால் அல்லவா?

ஆனால் குழாய் மிக அகலமானால் ஒரு குறை தோன்றும். காற்று தள்ளும்போது மூலைத் தூண்களே பாரத்தை ஏற்கும். சுவரின் நடுவிலுள்ளவை சோம்பி நிற்கும். ஸியர்ஸ் கோபுரம் அடியில் பக்கத்துக்கு 225 அடி. இவ்வளவு அகலத்துக்கு ஒற்றைக் குழாய் போதாது. ஆகவே கான் 75 அடிச் சதுரமுள்ள ஒன்பது குழாய்களை மூன்று மூன்றாக நிறுத்தி ஒன்றாகக் கட்டினார். அடுத்தடுத்த குழாய்களுக்குப் பொதுவான உட்சுவர்கள் நடுத்தூண்களையும் வேலைக்கு இழுத்துவந்தன. கட்டாகக் கட்டிய குச்சிகளை முறிக்க முடியாத கதையைக் குழந்தைப் பருவத்தில் கேளாதவர் நம்மில் யார்?

ஒவ்வொரு குழாயும் தன் காலில் தான் நிற்பதால் எதையும் எந்த உயரத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு 50-ஆம் மாடியில் நின்றன, இரண்டு 66-ல், மூன்று 90-ல், எஞ்சிய இரண்டே உச்சிவரை சென்றன. படிப்படியாக ஒடுங்கும் அந்தத் தோற்றம் இவ்வாறு பிறந்தது. கட்டிடக் கலைஞர் புரூஸ் கிரஹாம் ஒரு பிடி சிகரெட்டுகளைக் கையில் எடுத்து, சிலவற்றை மேலே தள்ளிக் காட்டி இந்த வடிவத்தை விளக்கினார் என்பர். கதை நடந்தபடியோ அன்றோ, அதில் ஒரு செய்தி உண்டு: கோபுரம் இருவரின் பிள்ளை. நம்மவர் கட்டுரைகளில் கிரஹாமின் பெயரே வராது. அந்த மௌனம் நேர்மையன்று. கான் ஒரு கூட்டுப் பணியில் சிறந்தவர். தனியே மலையைப் பெயர்த்தவராக அவரைச் சித்திரிக்க வேண்டியதில்லை.

நாம் இந்தக் கட்டிடத்தைப் படங்களிலும் தள வரைபடங்களிலும் பயின்று எழுதுகிறோம். அந்த அளவில் நமக்குத் தோன்றும் குறைகளையும் மறைக்கலாகாது. ஹான்காக் கட்டிடம் தன்னைத் தாங்கும் பெரிய குறுக்குச் சட்டங்களை முகத்திலேயே அணிந்து நிற்கிறது. அதைக் காணும் சிறுவனும் அது எப்படி நிற்கிறதென்று ஊகித்துவிடுவான். ஸியர்ஸ் கோபுரமோ எஃகின் மேல் கறுத்த அலுமினியப் போர்வையைப் போர்த்திருக்கிறது. படிகளின் அமைப்பு மட்டுமே உள்ளேயுள்ள குழாய்களைக் காட்டிக்கொடுக்கிறது. உண்மையை உரக்கச் சொல்வதில் ஹான்காக்கே மேல் என்பது நம் தீர்ப்பு.

இரண்டாவது குறை பெரிது. அது காலடியில் இருக்கிறது. இந்த நிலத்துக்காக நகரத்தின் குயின்சி தெருவில் ஒரு பகுதியே மூடப்பட்டது. தெருவை விழுங்கிய கட்டிடம் தெருவுக்குத் திருப்பித் தந்ததோ கருங்கல் பாவிய ஒரு வெற்றுத் திடல். இது நம் மனத்தாங்கல் மட்டுமன்று. உரிமையாளர்களே ஒப்புக்கொண்டது போலத்தான் நடந்துகொண்டனர். 1980-களின் நடுவில் வாயிலில் கண்ணாடிக் கூரையிட்ட முன்மண்டபம் ஒன்றைச் சேர்த்தனர். 1990-களில் மீண்டும் மாற்றினர். 2017-ல் ஐம்பது கோடி டாலர் திட்டமொன்றை அறிவித்து, அந்தத் திடலின் மேலேயே கடைகளும் உணவகங்களும் கொண்ட புதுக்கட்டிடம் எழுப்பினர். தலையில் ஒரு திருத்தமும் தேவைப்படாத கோபுரத்துக்குக் காலில் மட்டும் மூன்று முறை சிகிச்சை நடந்திருக்கிறது.

கட்டச் சொன்னவர்களின் கதையையும் சொல்லிவிடுவோம். ஸியர்ஸ் நிறுவனம் அன்று உலகின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனம். தன் ஊழியர் பெருகிக்கொண்டே போவர் என்று நம்பிற்று. ஆகவே கீழ்த்தளங்கள் தனக்கு ஏற்ப மிக விரிந்தவையாகவும், மேல்தளங்கள் வாடகைக்கு விடத் தக்க சிறியவையாகவும் வேண்டுமென்றது. ஒன்பது குழாய்த் திட்டம் இவ்விரண்டுக்கும் ஒருசேர இணங்கியது. 1970-ல் வேலை தொடங்கி 1973-ல் நிறுவனம் குடியேறியது. வாணிபம் எதிர்பார்த்தபடி வளரவில்லை. 1992-ல் ஸியர்ஸ் ஊழியர் புறநகருக்குப் பெயரத் தொடங்கினர். 2018-ல் அந்த நிறுவனம் திவாலானதாக மனுச் செய்தது. வணிகனின் கணக்கு இருபது ஆண்டு தாங்கவில்லை. பொறியாளனின் கணக்கில் இன்றுவரை பிழையில்லை. அந்தக் குழாய்களுக்குள் இப்போது வேறு வேறு அலுவலகங்கள் குடியிருக்கின்றன. 75 அடிக்குத் தூணில்லாத அறை எவருக்கும் உதவுமல்லவா?

கோபுரம் எழுந்துகொண்டிருந்த 1971-லேதான் கானின் தாய்மண் போரில் எரிந்தது. பகலெல்லாம் எஃகைக் கணக்கிட்ட மனிதர், சிகாகோவில் வாழ்ந்த வங்காளிகளைத் திரட்டி நிவாரணத்துக்கு நிதி சேர்த்தார். இதனை நம் புகழ்ச்சிக் கட்டுரைகள் ஒரு வரியில் கூடச் சொல்வதில்லை. உயரத்தை அளப்பவர்க்கு இதற்கெல்லாம் இடமேது?

எஃகை மிச்சம்பிடித்த அந்த மனத்தின் கடைசிப் பெரும்பணி நம் குடும்பங்களுக்கு அந்நியமானதன்று. ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையம் 1981-ல் நிறைவுற்றது. உயர்ந்த எஃகுத் தூண்களும் கம்பிகளும் தாங்கும் 210 துணிக் கூடாரங்கள் அதன் கூரை. கூடாரத்தின் உச்சியிலுள்ள திறப்பு வழியே வெப்பக் காற்று மேலேறி வெளியேறுவதால், குளிர்சாதனம் இன்றியே அதன் கீழ் ஆயிரக்கணக்கானோர் தங்கியிருக்க முடிகிறது. சுவரையும் கூட மிச்சம்பிடித்துவிட்டார் மனிதர். மறு ஆண்டு, 1982 மார்ச் 27 அன்று, அதே ஜித்தாவில் ஐம்பத்திரண்டு வயதில் அன்னார் வஃபாத்தானார், அடக்கமானது சிகாகோவில். இஹ்ராம் உடையோடு அந்தக் கூடாரங்களின் நிழலில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஹாஜிகள் நம் வீடுகளில் எத்தனையோ பேர் உள்ளனர். மேலே பார்த்தபோது என்ன தோன்றியது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.