நகையும் அழுகையும்: முற்போக்கு ரொக் இசையும் நமது கவியும்

ஆங்கிலேயர் தமது இசைவகை ஒன்றுக்கு 'முற்போக்கு' என்று பெயரிட்டுள்ளனர். ரொக் என்னும் துள்ளிசையிலிருந்து 1960களின் பிற்பகுதியில் கிளைத்த அவ்விசை, முற்போக்கு ரொக் எனப்படுகின்றது. அங்கு அச்சொல் சமுதாய மாற்றத்தைக் குறிக்கவில்லை. பாட்டின் வடிவத்தை விரித்துச் செல்லும் முயற்சியையே குறித்தது. எனினும் அவ்விசையைப் பற்றி அதன் ரசிகரிடையே நிகழும் விவாதம் ஒன்று நமக்கும் உரியது. துயரந் தோய்ந்த பாட்டே ஆழமுடையது என்பர் ஒரு சாரார்; சோகம் வெறும் பாவனை, நகைச்சுவையே உயிருள்ளது என்பர் மறு சாரார். நிந்தவூரிலும் கல்முனையிலும் உள்ள ஆசிரியரும் மாணவரும் தமது மண்ணின் பாடல்களைப் பற்றிக் கேட்க வேண்டிய வினாவும் இதுவேயாகும். எனவே, கடல்கடந்த அந்த இசையை முதலில் நோக்கி, பின்னர் நம் வாசலுக்கு வருவோம்.

முற்போக்கு ரொக் இசையை ஆக்கியோர் பலர், போருக்குப் பிந்திய இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கத்து மாணவர்கள். 'பிங்க் ஃபுளொய்ட்' குழுவைத் தொடங்கியோருள் மூவர் லண்டனில் கட்டடக்கலை பயின்றவர்கள். மூன்று நிமிட நடனப் பாட்டு என்னும் எல்லையை இத்தகையோர் உடைத்தனர். செவ்வியல் இசையையும் ஜாஸ் இசையையும் கலந்து, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ஆக்கத்தால் நிரப்பினர்.

இவ்விசையில் இரு நீரோட்டங்கள் உண்டு. 1969இல் வெளிவந்த 'கிங் கிறிம்சன்' குழுவின் முதலாவது தட்டும், 1973இல் வெளிவந்த பிங்க் ஃபுளொய்ட்டின் 'நிலவின் இருண்ட பக்கம்' என்னும் தட்டும் துயர நீரோட்டத்துக்குச் சான்றுகள். பின்னையது, வீணாய்க் கழியும் காலம், பணம், மனச்சிதைவு ஆகியவற்றைப் பாடுகின்றது. நகை நீரோட்டத்துக்கு 'ஜெத்ரோ டல்' குழு 1972இல் வெளியிட்ட தட்டு தக்க சான்று. விதைகருவி அமைத்த ஆங்கில வேளாண்மையாளன் ஒருவனது பெயரைத் தன் பெயராகக் கொண்ட குழு இது. தட்டின் இருபக்கமும் ஒரே பாட்டு. அதன் உறையோ பன்னிரண்டு பக்கப் பொய்ப் பத்திரிகை. எட்டு வயதுச் சிறுவன் எழுதிய கவிதைக்குப் பரிசு அளித்துப் பின் பறித்தனர் என்பது அப்பத்திரிகையின் கட்டுக்கதை, அக்கவிதையே இப்பாட்டாம். நீண்ட ஆக்கங்களால் தம்மைப் பெரிதாக எண்ணிக்கொண்ட சக கலைஞரையும் தம்மையுமே அக்குழுவினர் எள்ளி நகைத்தனர்.

இவ்விரண்டில் எது உயர்ந்தது? இதற்கு விடை காண நமது தொல்காப்பியமே நல்லதோர் அளவுகோலைத் தருகின்றது. மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலிலும் அழுகையை அதனை அடுத்தும் வைத்த தொல்காப்பியர், ஒவ்வொன்றும் பிறக்கும் களன்கள் நான்கினைக் கூறுகின்றார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன நகையின் களன்கள். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அழுகையின் களன்கள். இவற்றுள் இரண்டு நம் சிந்தனைக்கு உரியன. அழுகையின் களன்களுள் வறுமை இடம்பெறுகின்றது. நகையின் களன்களுள் எள்ளல் முதலிடம் பெறுகின்றது. வறியவனின் அழுகை, தனக்கு நேர்ந்தது யாது என்று கூறும். எள்ளலோ, அதனை நேர்வித்தவன் யாவன் என்று சுட்டும். முன்னது இழப்பின் அளவைக் காட்டுவது. பின்னது இழப்பின் காரணத்தைக் காட்டுவது. காரணம் அறியாத அழுகை விதியை நொந்து ஓய்ந்துவிடும். இழப்பை அறியாத நகையோ விருந்தினர் முன்னே வேடிக்கையாய் முடியும். நகையா அழுகையா என்னும் வினாவிலும், ஒன்று மற்றதனை அறிந்திருக்கின்றதா என்னும் வினாவே திறனாய்வுக்குப் பயன் தருவது.

இவ்வளவுகோல் கொண்டு நோக்கின் முற்போக்கு ரொக் இசையின் எழுச்சியும் வீழ்ச்சியும் தெளிவாகும். பிங்க் ஃபுளொய்ட்டின் அத்தட்டில் பணத்தைப் பற்றிய பாட்டு, கடைக் கல்லாப்பெட்டியின் ஓசையையே தாளமாகக் கொண்டு தொடங்குகின்றது. துயர இசையின் நடுவே அமைந்த கூரிய எள்ளல் அது. அத்தட்டு நின்று நிலைத்தமைக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் 1970களின் நடுப்பகுதியில் அக்கலை பேரரங்கும் பெருஞ்செலவுமாய் வீங்கியது. 1976, 1977ஆம் ஆண்டுகளில், வேலையின்மை பெருகிய இங்கிலாந்தில் 'பங்க்' இசையோடு எழுந்த இளைஞர்கள் அவ்வீக்கத்தைப் பார்த்துச் சிரித்தனர். தன்னை நோக்கி நகைக்க மறந்த கலையைப் பிறர் நகைத்து வீழ்த்தினர்.

வீழாது நின்ற ஒருவரை இங்குக் குறிப்பிடல் வேண்டும். 'சொஃப்ற் மெசின்' குழுவின் தாளக் கலைஞராய் இருந்த றொபேட் வையற், 1973இல் மாடிச் சாளரத்திலிருந்து வீழ்ந்து இடுப்பின்கீழ் உணர்விழந்தார். அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட தட்டில் ஆழ்ந்த துயரமும் குழந்தையின் மழலை போன்ற பொருளற்ற சொற்களும் பின்னிக் கிடக்கின்றன. மனைவியை நோக்கி ஏங்கும் ஒரு பாட்டின் இறுதியில், மனைவியின் குரலே கேலியாக மறுமொழி கூறுகின்றது. பின்னர் பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்த வையற், போக்லண்ட் போரையொட்டி 1982இல் பிறர் இயற்றிய கப்பற்றளப் பாட்டு ஒன்றைப் பாடினார். போர்க்கப்பல் கட்டும் வேலை கிடைத்ததென ஏழைத் தொழிலாளர் குடும்பம் மகிழ்கின்றது. அக்குடும்பத்து மைந்தர்களையே அக்கப்பல்கள் சாவுக்கு ஏற்றிச் செல்லவிருக்கின்றன. மெல்லிய சோக இசைக்குள்ளே ஒரு சமுதாய அமைப்பின் மீதான கசந்த நகை ஒளிந்திருக்கின்றது. பெயரளவில் நின்ற 'முற்போக்கு' இங்கேதான் தன் மெய்ப்பொருளை எய்தியது எனலாம்.

கேலியாய் மறுமொழி கூறும் பெண்குரலைக் குறிப்பிட்டோம். அக்குரல் கிழக்கிலங்கை மக்களுக்குப் புதியதன்று. அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் 'கவி' என வழங்கும் நாட்டார் பாடல், வயலில் பிறந்தது. விளைந்த வட்டையில் பன்றிக்கும் யானைக்கும் காவலிருந்தவன், பரணின்மீது அமர்ந்து இருளை நோக்கிக் குரலெடுத்துக் கவி பாடினான். பக்கவாத்தியம் இல்லை, அவையோர் இல்லை. அடுத்த வட்டையிலிருந்து எழும் எதிர்க்கவியே அவன் பெற்ற கைதட்டு. மச்சானும் மச்சியும் கூற்றும் மாற்றுமாய்ப் பாடும் கவிகளில், ஏங்கி உருகுபவன் ஆண். அவனது உருக்கத்தைப் பகிடியால் உடைத்து, அதே வேளையில் தன் மனத்தையும் மறைவாய்த் திறப்பவள் பெண். துயரக் கவிக்கும் பகிடிக் கவிக்கும் மெட்டு பெரும்பாலும் ஒன்றே என்பது மனங்கொள்ளத் தக்கது. நீட்டி இழுக்கும் அவ்விராகத்தைத் தொலைவிலிருந்து கேட்பவனுக்கு அது அழுகையோ நகையோ என்று தெரியாது. சொல் காதில் விழுந்த பின்னரே தெரியும். சீதனம் தடுத்த காதலும், செய்கைக்காகப் பல நாள் வீடு திரும்பாத கணவனும், கூலிக்காரனின் வறுமையும், போடியாரின் பெருமிதமும் ஒரே மெட்டில் அடங்கின. உழைக்கும் மக்கள் நகையையும் அழுகையையும் வெவ்வேறு கடைகளில் வாங்கியதில்லை.

இக்கவி தளர்ந்தமைக்கு ரசனைக் குறைவு மட்டும் காரணமன்று. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பகுதியின் வேளாண்மையை மாற்றியது. களவெட்டியில் மாடுகள் சூடு மிதித்த இடத்தை உழவு இயந்திரம் பிடித்தது. தொழிலோடு பிறந்த பாட்டு, தொழில்முறை மாறியபோது தன் நிலத்தை இழந்தது. அவ்விடத்தை நிரப்ப வானொலி வந்தது. வானொலியோடு பொப்பிசை வந்தது.

நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரால் வளர்ந்த ஈழத்துப் பொப்பிசையை இழிவாகக் கருதுவோருடன் நாம் உடன்படவில்லை. கச்சேரி மேடையின் தெலுங்குக் கீர்த்தனத்துக்கும் இந்தியத் திரைப்பாட்டுக்கும் நடுவே, நம் தெருவின் பேச்சுத்தமிழை அவர்கள் கிற்றாரில் ஏற்றினர். சிங்களப் பைலா இசையோடு கைகோத்து இரு மொழியினரையும் ஒருங்கே ஆடவைத்தனர். இது சிறிய சாதனையன்று. ஆயினும் அந்நகை பெரும்பாலும் மாமியையும் குடிகாரனையும் சுற்றியே நின்றது. மனோகரனைப் புகழேற்றிய 'சுராங்கனி', அவளுக்கு மீன் வந்த செய்தியைக் களிப்போடு பாடுகின்றது. அந்த மீன் எவ்வாறு கரை சேர்ந்தது என்பதை நிந்தவூர்க் கடற்கரையில் நிற்பவன் அறிவான். கரைவலையை இழுத்தோரின் தோள்வலியை மறக்கச் செய்ய அம்பாப் பாட்டு இருந்தது. அவ்வலியை நினைக்கச் செய்யும் பாட்டைப் பொப்பிசை தரவில்லை. பாட்டின்மீது நாம் பழி சுமத்தவில்லை. களிப்போடு நின்றுவிட்ட ரசனையையே குறை கூறுகின்றோம்.

எதிர்த்திசையில் நிகழ்ந்த தவறும் சிறிதன்று. முற்போக்கு முகாமைச் சேர்ந்த விமரிசகர் சிலர், சோகத்தை நசிவு என்று தள்ளினர். நகைச்சுவையைக் கொச்சை என்று ஒதுக்கினர். இரண்டையும் துறந்த பின் எஞ்சியது சுலோகம் ஒன்றே. மேடையில் முழங்கிய அப்பாடல்கள் மேடையைவிட்டு இறங்கவில்லை. வலையிழுப்பவனோ, நாற்று நடுபவளோ அவற்றை முணுமுணுக்கவில்லை. மக்களின் பெயரால் எழுதியவை மக்களின் வாயில் நுழையாமற் போனது ஏன் என்பதை நாம் ஆராய்ந்தாக வேண்டும்.

இஃது ஏட்டளவான வினாவன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோள் இக்கரையை விழுங்கியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின் எழுந்த இரங்கற் பாக்கள் பல; அவை தேவையானவை; இழவுக்கு அழாத இலக்கியம் இலக்கியமாகாது. ஆனால் அலைக்குப் பின் நிகழ்ந்ததும் ஒன்றுண்டு. வீடிழந்தோருக்கென, சவூதி அரேபிய நிதியுதவியுடன் அக்கரைப்பற்றை அண்டிய நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. இன அரசியலும் வழக்கும் குறுக்கிட்டன. கட்டி முடிந்த வீடுகள் பல்லாண்டு காலம் எவருக்கும் வழங்கப்படாமல் காடுமண்டிக் கிடந்தன. கடலை நோக்கி அழலாம். கடலுக்கு உள்நோக்கம் இல்லை. ஆளில்லா வீடுகளையும் வீடில்லா ஆட்களையும் அருகருகே வைத்த அரசியலை நோக்கி அழுவது போதாது. அங்கே எள்ளல் வேண்டும். போடியாரின் பெருமிதத்தைக் குத்திய பழைய கவியின் நாவு அங்கேதான் மீண்டும் வேண்டும். இறந்தோரை நினைந்து அழும் பாட்டும், வீட்டுத் திறப்பைக் கையில் வைத்திருந்தோரை நகைக்கும் பாட்டும் ஒரே பாட்டாக அமையுமாயின், அதுவே நம் காலத்தின் கவி.

அதற்கு வேண்டிய மூலப்பொருள் நம்மிடம் உண்டு. நிந்தவூரின் எஸ். முத்துமீரான் இம்மக்களின் கவிகளையும் பழமொழிகளையும் தேடித் தொகுத்தளித்தார். அத்தொகுப்புகளை நூலக அலுமாரியில் வைத்துப் பூட்டுவதும், கலைவிழா மேடையில் பரணும் தலைப்பாகையும் வைத்துக் காட்சிப்பொருள் ஆக்குவதும் அவ்வுழைப்புக்குச் செய்யும் மரியாதையாகா. பாடசாலை ஆசிரியர்கள், எஞ்சியுள்ள முதியோரிடம் மாணவரை அனுப்பட்டும். துயரக் கவியொன்றைக் கேட்டு வரும் மாணவன், அதற்கு விடையாய் அமைந்த பகிடிக் கவியையும் கேட்டு வரட்டும். பின்னர் அதே மெட்டில், இன்றைய நெல் விலையையும், மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாய்ப் போன தாயையும், தேர்தலுக்குத் தேர்தல் வரும் வாக்குறுதியையும் பாடிப் பார்க்கட்டும். கிற்றார் வேண்டுமாயின் கிற்றாரும் சேரட்டும். கருவியில் முற்போக்கும் இல்லை, பிற்போக்கும் இல்லை. தன் கண்ணீரின் காரணத்தை அறிந்தவன் சிரிக்கும்போது, அதிகாரத்தில் இருப்போர் அச்சிரிப்பைக் கேட்டே தீருவர்.