இருதட ஒலியும் கேட்போர் களனும்

செய்யுளின் உறுப்புகளை எண்ணப் புகுந்த தொல்காப்பியர் மாத்திரை, அசை, சீர், அடி என ஓசை பற்றியவற்றோடு நின்றாரல்லர். கூற்று, கேட்போர், களன், காலம் என்பனவற்றையும் உறுப்பாகவே வைத்துச் செய்யுளியல் யாத்தார். ஒரு கூற்று யாரால் நிகழ்ந்தது என்பதனோடு, யார் கேட்ப நிகழ்ந்தது, எவ்விடத்து நிகழ்ந்தது என்பனவும் பொருளை ஆக்கும் என்பது அவர் கொள்கை. ஆண்டுக் கேட்போர் எனப்பட்டார் செய்யுளுள் நின்று கேட்கும் தோழி, பாங்கன் முதலாயினாரே; ஏடு விரித்துப் பயிலும் நம்மனோர் அல்லர். இதனை யாம் அறியாமல் இல்லை. எனினும், கேட்பவன் நிற்கும் இடம் கலைப்பொருளுக்குப் புறத்ததா அகத்ததா என்னும் வினா இசைத்துறையில் இன்று புதிதாக எழுந்துள்ளமையின், அவ்விரு சொற்களையும் ஈண்டுக் கடன் கொள்கின்றோம்.

வினா எழுந்த வகையைச் சொல்லுதல் வேண்டும். சில ஆண்டுகட்கு முன் முதுகலை வகுப்பொன்றில், இசையையும் இலக்கியத்தையும் ஒப்பிட்டுரைக்குங்கால், ஹெட்போன் எனப்படும் செவிக்கருவியை அணிந்து இசை கேட்பது கலை நுகர்ச்சி ஆகாது என்று யாம் கூறினோம். அவையில் இருந்து பலரோடு கேட்டற்குரியதை ஒருவன் தன் மண்டைக்குள் அடைத்துக்கொள்கின்றான் என்றும், வல இடமாக ஒலி ஓடுவது குழந்தை விளையாட்டென்றும் அன்று உரைத்தோம். மாணவர் ஒருவர் எழுந்து, ‘தாங்கள் அவ்வாறு எதனைக் கேட்டீர்கள்?’ என வினவினார். விடையாக ஒரு பாட்டின் பெயரையேனும் எம்மால் சொல்ல இயலவில்லை. கேளாது கூறிய கூற்றைக் கேட்ட பின்னர்த் திருத்திக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒரு பிழையான எண்ணத்தைக் களைதல் வேண்டும். ஸ்டீரியோ எனப்படும் இருதட ஒலி ஒலிபெருக்கிகளுக்காகவே தோன்றியது, செவிக்கருவி பின் வந்த சிறுவழக்கு என்று பலர் கருதுகின்றனர். வரலாறு அவ்வாறு இல்லை. 1881இல் பாரிசு நகரில் நடந்த மின்னியற் பொருட்காட்சியில், கிளமாண் அதேர் என்னும் பொறியாளர் ஆப்பெரா அரங்க மேடையின் முன்விளிம்பில் தொலைபேசி வாங்கிகளை நிரல்பட வைத்து, அவற்றின் ஒலியைக் கம்பி வழியே பொருட்காட்சிக்குக் கொணர்ந்தார். வந்தோர் இரு குழைகளை இரு செவியிலும் வைத்துக் கேட்டனர். பாடுவோர் மேடையில் இடம் பெயர்தலைக் கண்ணாற் காணாமலே அவர்கள் உணர்ந்தனர். இலண்டனில் ஆலன் புளும்லைன் இருதட ஒலிப்பதிவுக்குரிய காப்புரிமையை வேண்டியது 1931இல். இருதட இசைத்தட்டுகள் கடைக்கு வந்ததோ 1958ஐ ஒட்டி. ஆகவே இருதட ஒலி முதன்முதல் பிறந்த இடம் செவிக்குழையே என்க.

இனி இதன் இயல்பு. வலப்புறத்தெழும் ஒலி வலச்செவியை முன்னும் இடச்செவியைப் பின்னும் எய்தும். அவ்விடைவெளி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு கூற்றினும் குறைவு. மேலும், தலை இடைநிற்றலின் தொலைச்செவிக்கு ஒலி சிறிது மழுங்கியும் சேரும். இவ்விரு வேறுபாடுகளைக் கொண்டே நாம் திசையறிகின்றோம். அறையில் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்துக் கேட்குங்கால் ஒவ்வொன்றின் ஒலியும் இரு செவிக்கும் வருகின்றது. அதனால் இசை நம் எதிரே ஓர் அரங்குபோல் விரியும். செவிக்கருவியிலோ இடத்தடம் இடச்செவிக்கே, வலத்தடம் வலச்செவிக்கே. ஆதலின் அரங்கு எதிரே தோன்றாமல் தலைக்குள்ளே தோன்றுகின்றது. இது குறையே, ஐயமில்லை. ஆயின் இக்குறையே ஓரிடத்து ஆராய்ச்சிக் கருவியாகின்றது என்பதனைக் காண்பாம்.

உருசிய நாட்டு இசைப்புலவர் சைக்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனி 1893 அக்டோபரில் பீட்டர்சுபர்க்கு நகரில் அவராலேயே அரங்கேற்றப்பெற்றது. ஒன்பது நாட்களில் அவர் மறைந்தார். அதன் இறுதிப் பகுதி இரங்கற்சுவை மிக்கது. அது படிப்படியாக இறங்கிவரும் ஒரு பண்வரியோடு தொடங்குகின்றது. கேட்போர் எவரும் அவ்வரியை எளிதிற் பாடிக்காட்டுவர். ஆயின் இசையேட்டைத் திறந்து பார்ப்பின் அவ்வரி அங்கு இல்லை! முதல் வயலின் குழுவிற்கு எழுதப்பட்டவை மேலும் கீழும் தாவும் தொடர்பற்ற சுரங்கள். இரண்டாம் குழுவிற்கும் அவ்வாறே. வரியின் ஒரு சுரத்தை ஒரு குழுவும் அடுத்ததை மற்றொரு குழுவுமாக மாறி மாறி எடுக்கின்றன. இரண்டும் ஒருங்கு ஒலிக்குங்கால் உயர்ந்த சுரங்களை மட்டும் தொடுத்துக்கொண்டு, யாரும் இசையாத ஒரு பண்ணைக் கேட்பவன் செவி ஆக்கிக்கொள்கின்றது. ஈண்டுக் கேட்போர் பண்ணைப் பெறுபவர் அல்லர், பண்ணை முடிப்பவர்.

அக்காலத்து உருசிய அரங்குகளில் முதல் வயலினார் மேடையின் இடப்புறத்தும் இரண்டாம் வயலினார் வலப்புறத்தும் எதிரெதிர் அமர்வது மரபு. ஆதலின் அவ்வரியின் ஒவ்வொரு சுரமும் மேடையின் குறுக்கே கடந்து சென்று மீண்டிருத்தல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் இசைக்குழுத் தலைவர் பலர் இரு குழுவினரையும் இடப்புறத்தே ஒருங்கமர்த்தினர்; அமெரிக்க நாட்டில் ஸ்டொக்கோவ்ஸ்கி இவ்வழக்கைப் பரப்பியவருள் தலையாயவர். ஓசை ஒற்றுமைக்கு அது நன்று. ஆனால் இவ்விடத்து ஆசிரியர் இட்ட களன் அழிந்தது. அவ்வாறு அமர்த்திப் பதிவு செய்த தட்டினை எத்துணை உயர்ந்த கருவியில் கேட்பினும் பயன் இல்லை. மூல ஏட்டிலேயே சிதைந்த பாடத்தை உரையாசிரியர் மீட்க இயலாதது போன்றது அது.

நற்பேறாக ஒப்பிட்டுப் பார்த்தற்கு உரிய இரு பதிவுகள் உள. லெனின்கிராடு பில்ஹார்மோனிக் குழுவின் தலைவர் ம்ராவின்ஸ்கி வயலின் குழுக்களை எதிரெதிர் அமர்த்தும் பழமரபை விடாதவர். அவர் இச்சிம்பொனியை டாய்ச்சு கிராமபோன் நிறுவனத்திற்காக 1956இல் ஒற்றைத்தடத்திலும் 1960இல் இருதடத்திலும் பதிவு செய்தார். தலைவர் ஒருவர், குழு ஒன்று, நூல் ஒன்று. வேறுபட்டது களன் மட்டுமே. ஆராய்ச்சியாளருக்கு இத்தகைய வாய்ப்பு அரிதாகவே கிட்டும்.

1956ஆம் ஆண்டுப் பதிவில் பண்வரி செவ்வனே கேட்கின்றது; அது செயப்பட்ட முறை கேட்கவில்லை. 1960ஆம் ஆண்டுப் பதிவை ஒலிபெருக்கி வழியே எம் அறையில் கேட்டோம். ஒரு வகை அசைவு, நிலைகொள்ளாமை, உணரப்பட்டது, காரணம் புலப்படவில்லை. பின்னர் அதனையே செவிக்கருவி அணிந்து கேட்டோம். துயருற்றான் ஒருவன் மூச்சு ஒழுங்கின்றித் தடுமாறுமாறு போல வரி இரு செவிக்கும் இடையே ஊசலாடியது. அடுத்து வலச்செவிக் குழையைக் கழற்றினோம். அவ்வினிய இறங்குவரி உடைந்து போயிற்று. எஞ்சியது முறிந்த தாவல்கள். ஒலிவாங்கிகள் இருபுறத்தையும் ஓரளவு வாங்கும் ஆதலின் பிரிவு முற்றும் நிகழ்வதன்று. நிகழ்ந்த அளவே போதியதாயிற்று. மீண்டும் குழையை அணிந்தபோது முறிவுகள் கூடி வரியாயின. பன்முறை இவ்வாறு செய்து பார்த்தோம் என்று கூறுவதில் நாணமில்லை.

(இவ்வாய்வின் தொடக்கத்தில் பல நாள் யாம் குழைகளை வல இடம் மாற்றி அணிந்திருந்தோம் என்பதனையும் சொல்லிவிடுதல் நேர்மை. அவற்றின் மேல் பொறிக்கப்பட்ட எழுத்து, நாற்பதைக் கடந்த கண்ணுக்குச் சிறிது.)

செவியின் இத்தொடுக்கும் தொழில் உளநூலாராலும் ஆராயப்பட்டுள்ளது. 1973இல் டயானா டாய்ச்சு என்னும் அறிஞர், ஏறுநிரல் இறங்குநிரல்களின் சுரங்களைப் பிரித்து இரு செவிக்கும் மாறி மாறி அனுப்பிச் சோதித்தார். கேட்டோருட் பெரும்பாலார் தாவல்களைக் கேட்கவில்லை. ஒரு செவியில் உயர்ந்த சுரங்களும் மற்றொன்றில் தாழ்ந்த சுரங்களும் ஒழுங்காகச் செல்வதாகவே கேட்டனர். அருகருகே உள்ள சுரங்களை மனம் ஓரினமாக்கி, அவை வந்த திசையைக்கூடத் திரித்து உணர்கின்றது என்பது அவர் கண்டது. அச்சோதனை நிகழ்ந்ததும் செவிக்கருவியின் வழியே என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

இனித் தடை ஒன்று எழும். சைக்கோவ்ஸ்கி அரங்கிற்கு எழுதினார், செவிக்கருவிக்கு எழுதவில்லை. அரங்கில் இருந்தோன் ஒரு செவியைப் பொத்திக் கேட்டானல்லன். அங்ஙனமாக, அவன் கேளாத ஒன்றைக் கேட்டு, இதுவே நூலின் பொருள் என்பது மிகைப்படக் கூறலாகாதோ? தடை வலியுடையதே. எம் விடை இது: அரங்கில் கேட்டது மூலம், செவிக்கருவியில் கேட்பது உரை. உரையாசிரியர் சீரைப் பிரித்துச் சொல்லாக்கி, கொண்டு கூட்டிக் காட்டுகின்றார். அவ்வாறு பிரிந்து கிடப்பதைப் புலவர் பாடினாரல்லர். ஆயினும் பாடியதன் உட்கட்டு அதனாற் புலனாகின்றது. உரையை மூலமென மயங்குவது பிழை. உரையே வேண்டா என்பதும் பிழை. வகுப்பில் யாம் செய்தது இரண்டாவது.

எனினும் இருதடமாயின் அனைத்தும் சிறந்தது என்று கொள்வாரோடும் யாம் உடன்படோம். ஒலியின் இடம் சில ஆக்கங்களில் உறுப்பு, சிலவற்றில் அணி, சிலவற்றில் அணியும் அன்று, வெறும் விபத்து. 1965இல் வெளிவந்த பீட்டில்சு குழுவினரின் ‘ரப்பர் சோல்’ தொகுப்பின் இருதட வடிவில் பெரும்பாலும் குரல்கள் வலப்புறத்தும் கருவிகள் இடப்புறத்தும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒலிபெருக்கியில் அது பொறுக்கத்தக்கது. செவிக்கருவியிலோ பாடுவோன் நம் ஒரு தோளில் ஏறிக்கொண்டதுபோலத் தோன்றும். இப்பிரிவினைக்குப் பாட்டின் பொருளோடு யாதொரு தொடர்பும் இல்லை. அந்நாளில் அவர்கள் கருத்தூன்றிச் செய்தது ஒற்றைத்தட வடிவத்தையே. மற்றது அதன் பின்னே விரைந்து செய்யப்பட்டது. 1987இல் குறுந்தட்டிற்காகச் சார்ச்சு மார்ட்டின் அவ்விருதட வடிவத்தை மீண்டும் கலந்தமைத்தார் என்பதே அதன் குறைக்குச் சான்று.

அவர்கள் 1967இல் வெளியிட்ட ‘சார்சண்ட் பெப்பர்’ தொகுப்போ பாட வேறுபாட்டு ஆராய்ச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டாகவே நிற்கின்றது. அதன்கண் உள்ள ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ என்னும் பாட்டு ஒற்றைத்தட வடிவில் விரைந்தும் சுருதி உயர்ந்தும், இருதட வடிவில் தாழ்ந்தும் நடக்கின்றது. எது மூலபாடம்? செவிக்கு இனியது மூலம் என்பார் உளர். ஏட்டாராய்ச்சியில் அக்கொள்கையைப் பின்பற்றின் என்னாகும் என்பதனை நம் துறையினர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. அதே தொகுப்பின் இறுதிப் பாட்டில் லென்னன் குரல் ஒருபுறத்தில் தொடங்கி, அடிகள் செல்லச் செல்ல மறுபுறம் நோக்கி மெல்ல நகர்கின்றது. நாளிதழ்ச் செய்திகளைப் பற்றின்றிக் கூறிச் செல்லும் குரல் அது. நிலைகொள்ளாத அதன் இடம் அப்பற்றின்மைக்குப் பொருந்துகின்றது. அதனை அணி என்று கூறி நிறுத்துவோம். உறுப்பு என்று சொல்லும் துணிவு எமக்கில்லை. ஒற்றைத்தடத்தில் அந்நகர்ச்சி இல்லாமலே பாட்டு நிற்கின்றது அன்றோ?

தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைக்கும் களன் உண்டு. பாடுவோரின் இடப்புறத்தே வயலினும் வலப்புறத்தே மிருதங்கமும் அமைதல் வழக்கு. வலந்தலை அவையை நோக்கும். ஆலாபனையில் பாடகர் விட்ட இடத்தை வயலின் எடுத்துத் தொடர்வதும், தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வினவி விடையிறுப்பதும் இடத்தாற் பொருள் பெறுவன. ஒலிபெருக்கி இன்றி அண்மையில் அமர்ந்து கேட்டார்க்கு அது விளங்கும். பெரிய அரங்குகளில் எல்லா ஒலிவாங்கிகளின் ஒலியும் ஒன்றாய்க் கலக்கப்பட்டு, இருபுறப் பெட்டிகளிலும் ஒன்றுபோலவே வெளிப்படுகின்றது. கண் வயலினை ஒருபுறம் காண, செவி அதனை எங்கும் கேட்கின்றது. இருதடப் பதிவுகளிலும் இவ்விட அமைதியைப் பேணாதன பல. 1978இல் ‘பிரியா’ திரைப்படப் பாடல்களை இளையராசா இருதடத்தில் தந்த பின்னர், திரையிசையாளர் இடத்தைக் கையாளக் கற்றுக்கொண்ட அளவிற்கு மேடையிசைப் பதிவாளர் கற்றுக்கொண்டாரல்லர் என்பது எம் கருத்து. மறுப்பார் சான்று காட்டின் ஏற்போம்.

சைக்கோவ்ஸ்கிக்கு மீள்வோம். தொடக்கத்துப் பிளவு கைத்திறம் காட்டவோ தற்செயலாகவோ நிகழ்ந்தது என்பார்க்கு அந்நூலிலேயே விடை உள்ளது. இறுதிப் பகுதியின் பிற்கூற்றில் அவ்விறங்குவரி திரும்ப வருகின்றது. இம்முறை அது பிரிக்கப்படவில்லை. வரி முழுவதையும் முதல் வயலினார்க்கே ஆசிரியர் கொடுத்துவிட்டார். ஒரே வரியை இருவேறு வகையாக எழுதியோர் அவ்வேறுபாட்டைக் கருதியே எழுதினார் என்பது துணிபு. 1956ஆம் ஆண்டுப் பதிவில் இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை எம் செவி பிரித்தறியவில்லை. 1960ஆம் ஆண்டுப் பதிவைச் செவிக்கருவியிற் கேட்குங்கால், முன்னர் இரு செவியும் கூடி முடித்த வரி இப்போது தானே முழுமையாய் இடச்செவியில் வந்து நிற்கின்றது. முடித்துக் கொடுக்கக் கேட்போர் வேண்டப்படவில்லை. வலச்செவி காத்திருக்கின்றது, அதற்குரிய சுரம் வருவதில்லை.