புள்ளிப் பதிவேடும் கணினியும்

பாடசாலைப் புள்ளிப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும் மென்பொருள்கள் பற்றிப் பேசுவோர், காப்பும் எளிமையும் தம்முள் முரணுவன என்பர். ஒன்றைக் கூட்டின் மற்றையது குறையும் என்பது அவர் கருத்து. நெடுந்தீவுப் பாடசாலையொன்றின் ஆசிரியர் அறையில் வைத்து இவற்றை நோக்கின், வழங்குதற்கு அரிதான மென்பொருளே காப்பற்றதாகவும் முடிதல் புலனாகும்.

பழைய பதிவேட்டின் சிறப்பை மறத்தலாகாது. தவணைப் பரீட்சைப் புள்ளியொன்றைத் திருத்த வேண்டின், வகுப்பாசிரியர் பழைய எண்ணைக் கோடிட்டு வெட்டி, சிவப்பு மையாற் புதியதை எழுதிக் கையொப்பமிடுவார். வெட்டிய எண்ணும் வெட்டியவர் கையொப்பமும் அப்பக்கத்திலேயே நிற்கும். எக்செல் தாளிலோ 34 என்பது 35 ஆகும்போது பொதுவாக ஒரு சுவடும் எஞ்சுவதில்லை, க.பொ.த. சாதாரண தர அளவுகோலில் அவ்வொரு புள்ளியே சித்திக்கும் சித்தியின்மைக்கும் எல்லையாகும். மாற்றியவர் யார், மாற்றியது எப்பொழுது, பழைய எண் யாது என்பவற்றை அழியாது காவாத மென்பொருள் பதிவேடு எனும் பெயருக்கு உரியதன்று.

பிறநாட்டில் ஆக்கப்பட்டவை பெயரிலேயே இடறுகின்றன. முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்களை அவை வேண்டும். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக முன்னிறுத்தும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் குடும்பப்பெயர் ஏது? ஓராசிரியர் தந்தை பெயரை முதற்கட்டத்திலும் மற்றவர் இரண்டாங் கட்டத்திலும் எழுத, ஒரு பிள்ளை இருவராகி விடும். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பட்டியல்கள் ஒருங்குறிக்கு மாற்றப்படாவிடின் தமிழ் அகரவரிசையில் அமையா. பரீட்சைக்கு வராத பிள்ளைக்குச் சுழியம் இட்டுச் சராசரியைக் கெடுப்பது இன்னொரு குறை.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் தேசிய மின்வலைக்குப் புறம்பாக டீசல் மின்னாக்கிகளை நம்பியிருந்தவை. சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்னமைப்புக்கு 2024 இலேதான் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. எந்நேரமும் இணையத்தை வேண்டி நிற்கும் மென்பொருள் இத்தகைய இடங்களுக்கு ஏலாது. இணைப்பற்ற வேளையிற் கணினியிலேயே எழுதி, இணைப்பு வந்தபின் சேர்ப்பதே தக்கது. அவ்வாறாயின் அக்கணினியிலுள்ள பதிவு மறையாக்கம் பெற்றிருத்தல் வேண்டும். குறிகட்டுவான் படகிலே தவறவிட்ட மடிக்கணினி, ஊரார் படிக்கும் தேர்ச்சி அறிக்கை ஆகலாகாது.

கடவுச்சொல் விதி மிகக் கடுமையாயின், ஆசிரியர் அதனை எழுதி மேசையில் ஒட்டுவர். அல்லது அனைவரும் ஒன்றையே வழங்குவர். அவரைக் குறை கூறுதல் நியாயமன்று. ஒவ்வோராசிரியர்க்கும் தம் வகுப்பு மட்டும் திறக்குமாறு அமைப்பின், ஒரு சொல் களவு போயினும் கேடு அவ்வகுப்போடு நிற்கும்.

இவ்வரம்பு இல்லாமையின் விளைவை 2024 டிசெம்பரில் வட அமெரிக்கா கண்டது. பவர்ஸ்கூல் எனும் நிறுவனத்தின் உதவித்தளத்துள் களவாடிய நுழைவுரிமை ஒன்றினாற் புகுந்து, பல பாடசாலைச் சபைகளின் பதிவுகளைக் கவர்ந்தனர். ஈழத்தமிழர் பெருந்தொகையாய் வாழும் ரொறன்ரோவின் பொதுப் பாடசாலைச் சபையில் 1985 வரை பின்னோக்கிய மாணவர் விவரங்களும் அவற்றுள் அடங்கின. நிறுவனம் கப்பம் கொடுத்தும், 2025 மே மாதத்தில் சபைகள் மீண்டும் மிரட்டப்பட்டன. நாற்பதாண்டுப் பழைய விவரம் இணைப்பிலுள்ள கணினியில் இருந்தமைக்குத் தக்க காரணம் காண்டல் அரிது. இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தேவைக்கு மேற்பட்ட காலம் தரவை வைத்திருத்தலை விலக்குகின்றது. விடுகைப் பத்திரம் வழங்குதற்கு வேண்டிய விவரம் நெடுங்காலம் இருக்கவேண்டியதே. ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை கணிதத்திற் பெற்ற 22 புள்ளி அவ்வகையைச் சார்ந்ததன்று.